ஸ்டோவா, ஸ்டவர்ஹெட்டா?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பலரும் கைகாட்டுவது வில்ட்ஷயரில் இருக்கும் ஸ்டவர்ஹெட்டை. என் ஓட்டு பக்கிங்காம்ஷயரின் ஸ்டோவுக்கு.

அழகு என்று மட்டும் பார்த்தால் ஸ்டவர்ஹெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. லண்டன் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ஹோர் 1740களில் வேலையை ஆரம்பித்து, பள்ளத்தாக்கில் அணை கட்டி ஓர் ஏரியையே உண்டாக்கி, அதைச் சுற்றி அலங்காரத்துக்குக் கோயில் வடிவக் கட்டடங்களை வைத்தார். கல்பாலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் பாந்தியன் தெரியும், ரோமின் பழைய கோயிலைப் பார்த்துக் கட்டியது. நடக்க ஆரம்பித்ததும் மரங்கள் அதை மறைத்துவிடும், குகைக்குள் இறங்கி, நீரோடு படுத்துறங்கும் தேவதைச் சிலையைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் கிட்டத்தில் பார்க்கலாம். ஆனால் எல்லோரும் படமெடுக்கும் ரோடோடென்ட்ரான் பூக்களில் பெரும்பகுதி ஹோர் காலத்துக்குப் பிறகு வந்தவை. அவர் நம்பியது பச்சையின் வெவ்வேறு சாயல்களைத்தான்.

ஸ்டோ அப்படி ஒரே பார்வையில் மயக்காது, அதைப் புத்தகம் மாதிரி படிக்க வேண்டும். அதன் சொந்தக்காரர் காபம் பிரபு, 1733இல் பிரதமர் வால்போலின் கலால் வரித் திட்டத்தை எதிர்த்ததற்காகத் தன் படைப்பிரிவுப் பதவியை இழந்தார். அந்தக் கோபத்தைத் தோட்டத்திலேயே கல்லில் கட்டிவைத்தார்: கட்டட, தோட்டக் கலைஞர் வில்லியம் கென்ட் வடிவமைத்த பழங்கால அறத்தின் கோயில் முழுசாக நிற்க, நவீன அறத்துக்கு ஓர் இடிபாட்டைக் கட்டி, தலையில்லாத சிலை ஒன்றையும் வைத்தார். அந்தச் சிலை வால்போல்தான் என்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஷேக்ஸ்பியர், நியூட்டன், முதலாம் எலிசபெத் என்று 16 மார்பளவுச் சிலைகள் கொண்ட ஒரு நினைவுச்சின்னம். அதன் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பின்னால் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பிழைக்க வந்த ஓர் இத்தாலியரின் நட்பையும் நேர்மையையும் வரிசையாகப் புகழ்ந்துகொண்டே போய், கடைசியில் இவர் மனிதரே இல்லை, வேட்டை நாய் என்று முடிக்கும். புகழுரைகள் மலிந்த காலத்தில் இப்படிக் குத்த ஒரு தைரியம் வேண்டும். அப்புறம், பின்னாளில் பெயர்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் 1741 முதல் பத்து வருடம் தலைமைத் தோட்டக்காரராக இருந்து தொழில் பழகியதும் இங்கேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்டோவை என்னால் மன்னிக்க முடியவில்லை. தோட்டம் விரிய விரிய அங்கிருந்த கிராமம் இல்லாமலே போனது. மரங்களுக்கு நடுவே ஒளித்த மாதிரி தேவாலயம் மட்டும் மிச்சம். பிரவுனுக்கு 1744இல் திருமணம் நடந்ததும் அதில்தான். ஹோர் அப்படிச் செய்யவில்லை, ஸ்டவர்டன் கிராமத்தையும் அதன் தேவாலயத்தையும் தன் காட்சிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

இரண்டுமே பெரிசு, கூட்டம் வேறு என்று தயங்குகிறவர்களுக்கு ஆக்ஸ்போர்டுஷயரில் ரௌஷம் இருக்கிறது. கென்ட் 1738 வாக்கில் மாற்றியமைத்த தோட்டம், அதன்பிறகு பெரிதாக மாறவேயில்லை. ஆனால் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.