பிராக் போகிறீர்களா? யூரோவை மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நானும் வீட்டுக்காரரும் வியன்னாவில் மூன்று நாள் சுற்றிவிட்டு ரயிலில் செக் குடியரசின் தலைநகரான பிராக் போனோம். போன முதல் நாளே அந்த ஊர்ப் பணம் 1,700 கொருனாவைக் கோட்டை விட்டோம். நம் பணத்தில் 6,000 ரூபாய்க்கு மேல். யாரும் பையில் கைவிடவில்லை. நானே கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

செக் குடியரசு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாலும் இன்னும் யூரோவுக்கு மாறவில்லை. அங்கே கொருனாதான். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா. இதெல்லாம் தெரிந்துதான் போனோம்.

ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு வென்செஸ்லாஸ் சதுக்கத்திலிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தோம். வழியில் பத்தடிக்கு ஒரு பணம் மாற்றும் கடை. கழிவறைக்காவது சில்லறை வேண்டுமே என்று ஒன்றில் நுழைந்தோம். வாசலில் ஆள் உயரத்துக்கு ‘கமிஷன் 0%’ என்று பலகை. அதன் கீழே யூரோவுக்கு நேராக 25-ஐ ஒட்டிய ஓர் எண். “கமிஷனே இல்லையாம், வாங்க” என்று அவரை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். அந்த எண், அவர்கள் நமக்கு யூரோ விற்கும் விலை. நம்மிடமிருந்து யூரோவை வாங்கும் விலை வேறொரு பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது: 16.50. கவுண்டர் பெண் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். 200 யூரோ கொடுத்து 3,300 கொருனா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் நோட்டுகளை எண்ணிவிட்டு, “5,000 வரணுமே?” என்றார். வரி ஏதாவது பிடித்திருப்பார்கள் என்றேன். பணம் மாற்றுவதற்கு எந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு வரி பிடிக்கிறார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். “திரும்பப் போய்க் கேட்போமா?” என்றார். மணி 11.40. பன்னிரண்டுக்குச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினேன்.

1410-இல் செய்த அந்தக் கடிகாரம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, மேலே சன்னல்களில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக வந்து போகிறார்கள். பக்கத்தில் பண மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கஞ்சன் தலையாட்டுகிறான். அவனை மட்டும் நாலு படம் எடுத்தேன்.

சதுக்கத்திலேயே இன்னொரு சின்ன அடி. கம்பியில் சுட்ட பன்றித்தொடை வாசனை அவரை இழுத்துவிட்டது. பலகையில் 119 கொருனா என்று பார்த்து ஒரு தட்டு கேட்டார். அது 100 கிராமுக்கான விலை. கடைக்காரர் தாராளமாக வெட்டி எடை போட்டதில் 420 கிராம், 500 கொருனா. அதற்கு மேல் எங்களுக்கு நடந்தது எதுவும் எழுதும்படியாக இல்லை. சார்லஸ் பாலம், முப்பது சிலைகள், கோட்டை, கால்வலி.

மாலை ஐந்து மணிக்கு ஓட்டல் வரவேற்பறைப் பையனிடம் புலம்பியபோது அவன் ரசீதைக் கேட்டான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அங்கே 2019 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோவுக்கு உட்பட்ட தொகையை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய், காரணமே சொல்லாமல் ரத்து செய்து, கொடுத்த பணத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ரசீதில் நேரம் 11.32. நான் கஞ்சனைப் படம் எடுத்தபோதுகூட இரண்டரை மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது! நான் கையெழுத்திட்ட தாளிலேயே அந்த விதியும் இருந்தது. நேரம் கடந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, மோசமான விலை கொடுப்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டான்.

அதனால் போகிறவர்கள் செய்ய வேண்டியது: பணத்தை நீட்டுவதற்கு முன் “200 யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா?” என்று கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். 5,000-க்குப் பக்கத்தில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள். தெருவில் நின்று நல்ல விலை தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம். செல்லாத பழைய பெலாரஸ் நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவானாம், பையன் சொன்னான். உண்மையில் ரொக்கம் அவ்வளவு தேவைப்படவும் இல்லை. டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டிச் சீட்டு எடுக்கலாம். ஏடிஎம் தேவைப்பட்டால் வங்கிக் கிளையில் இருப்பதாகப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றிக் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருனாவிலேயே எடுங்கள்.

மறுநாள் காலை அதே கடையைத் தாண்டும்போது வாசலில் ஒரு வயதான தம்பதி நோட்டுகளைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தார்கள். என்ன மொழியோ தெரியவில்லை. இவர் போய் அவர்கள் ரசீதில் இருந்த நேரத்தைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, கடைக் கதவைக் கைகாட்டினார். இருவரும் உள்ளே போனார்கள். நாங்கள் சற்று நேரம் எதிர்க்கடை வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து அந்தப் பெரியவரின் குரல் உயர்ந்தது.