உள்நோக்கத்தைப் பற்றி வாதிடுகிறவர்களுக்கு: ஓயெஸ் ஒலிப்பதிவுகள்

எனக்கும் என் சித்தப்பாவுக்கும் பல வருஷமாக ஒரே சண்டை. யாரையோ நிறம் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் சொன்னால், "அவங்க மனசுல கெட்ட எண்ணம் இல்லம்மா, அப்புறம் எப்படிப் பாகுபாடுங்கிறே?" என்பார். "கெட்ட எண்ணம்தான்" என்று நானும் மல்லுக்கு நிற்பேன். அடுத்தவர் மனசுக்குள் யார் போய்ப் பார்த்தது? பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அந்த முட்டுச்சந்திலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது ஓயெஸ். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் வாதிட்டதை அவர்கள் குரலிலேயே கேட்கத் தரும் இலவசச் சேவை. நீதிமன்றத்தில் 1955இல் ஒலிப்பதிவு தொடங்கியது. அப்போதிருந்து வந்த வாதங்களின் பெரும் சேமிப்பு இது. குரல் ஓட ஓட எழுத்து வடிவமும் கூடவே நகர்கிறது, பேசுகிறவர் பெயரும் தெரிகிறது. நீதிபதிகள் மாறி மாறிக் குறுக்கிடும்போது அந்தப் பெயர் இல்லையென்றால் தலைகால் புரியாது.

நான் முதலில் கேட்டது 1964 அக்டோபரில் நடந்த ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் வழக்கு. 216 அறைகள் கொண்ட விடுதி. கறுப்பினத்தவருக்கு அறை கிடையாது. விடுதிகளிலும் வேலையிலும் இனம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்ததும், அதை எதிர்த்து உரிமையாளர் மோர்ட்டன் ரோலஸ்டன் வழக்குப் போட்டார். அவரே வழக்கறிஞர் என்பதால் வாதிட்டதும் அவரே. என் தொழிலை என் விருப்பப்படி நடத்துவது என் சுதந்திரம் என்பதுதான் அவர் தரப்பு. கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்கச் சொல்வது தன்னைக் கட்டாய ஊழியத்துக்கு ஆளாக்குவதாகும், அதை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் தடுக்கிறது என்றும் வாதம் வைத்தார். அடிமை முறையை ஒழிக்க வந்த திருத்தம் அது! இதையெல்லாம் சொல்கிறவர் வாயில் ஒரு வசைச்சொல் கிடையாது. தன்மையாகப் பேசினால் எண்ணமும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. ஒன்பது நீதிபதிகளும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தில் அந்தச் சட்டம் நிற்கிறது. ஓர் அறப் பிழையைத் திருத்தும் நோக்கமும் அதற்கு இருந்தது என்பதால் அது செல்லாமல் போய்விடாது என்றார்கள்.

1967இன் லவ்விங் வழக்கையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளையரான ரிச்சர்டும் வெள்ளையரல்லாத மில்ட்ரெடும் திருமணம் செய்துகொண்டது வர்ஜீனியாவில் குற்றம். "நான் என் மனைவியை நேசிக்கிறேன், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாதது அநியாயம் என்று நீதிமன்றத்தில் சொல்லுங்கள்" என்று ரிச்சர்ட் சொல்லியனுப்பியதை வழக்கறிஞர் கோஹன் அங்கே சொல்கிறார். அதில் சட்டப்பிரிவு எதுவும் கிடையாது. பின்னால் தள்ளி மூன்று தடவை கேட்டேன்.

சித்தப்பாவுக்கு நான் அனுப்பியது கிரிக்ஸ் எதிர் டியூக் பவர். வட கரோலினாவில் ஒரு மின்நிலையம். கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிவேலைப் பிரிவு மட்டும்தான். அதன் உச்ச சம்பளமே மற்றப் பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. அதே 1964 சட்டத்தில் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி அமலுக்கு வந்த 1965 ஜூலை 2 அன்று, நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும் என்று நிறுவனம் விதி போட்டது. பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே உண்டு. ஆனால் அந்தப் பிரிவுகளில் சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் ஏற்கெனவே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த விதிகளுக்குப் பின்னால் கெட்ட எண்ணம் இருந்ததாகக் கீழ் நீதிமன்றங்கள் முடிவு செய்யவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் எண்ணத்தைத் தோண்டாமல் விளைவைப் பார்த்தது: வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வு ஓர் இனத்தை வெளியே தள்ளுமானால், நல்லெண்ணம் அதைக் காப்பாற்றாது.

எல்லாமே ஆங்கிலம், அதிலும் சட்ட ஆங்கிலம். அதனால் ஒவ்வொரு வழக்கின் பக்கத்திலும் இருக்கும் சுருக்கத்தை முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள். நான் துணி மடிக்கும்போது கேட்கிறேன். நுணுக்கமான இடம் வந்தால் உட்கார்ந்துவிடுவேன்.

நாலு நாள் கழித்து சித்தப்பா கூப்பிட்டார். "நீ அனுப்பினதைக் கேட்டேன். சரிதான். ஆனா 1976ல வாஷிங்டன் எதிர் டேவிஸ்னு ஒண்ணு இருக்கு, கேட்டியா?" காவல்துறை ஆளெடுப்புக்கு வைத்த மொழித் தேர்வு பற்றிய வழக்கு. அரசியல் சட்டத்தின் கீழ் வாதிடுவதானால் விளைவு மட்டும் போதாது, பாகுபாட்டு நோக்கத்தையும் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. அவர் சொன்னது சரிதான். கிரிக்ஸ் 1964 சட்டத்தைப் பற்றியது, டேவிஸ் அரசியல் சட்டத்தைப் பற்றியது. அரசியல் சட்டத்தின் கீழ் வாதிட்டால் மட்டும் ஏன் நோக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது இப்போது என் கேள்வி. அந்தப் பதிவை ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம்.