கணக்கைக் காட்டச் சம்மதித்தேன், 47,800 ரூபாயை எடுத்துவிட்டார்கள்: கடன் ஆப்பில் வங்கிக் கணக்கை இணைக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 47,800 ரூபாய் என் கணக்கிலிருந்து போனது. இன்று புதன். நான்கு இடத்தில் கேட்டுவிட்டேன், நான்கு பேரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். கோபம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு பேர் வேலை செய்யும் சின்னத் தையல்கூடம் என்னுடையது. பள்ளிச் சீருடை ஆர்டர் கூடியதால் இரண்டு பவர் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் வாங்க ஒன்றரை லட்சம் கடன் தேவைப்பட்டது. வங்கியில் கேட்ட காகிதமெல்லாம் என்னிடம் இல்லை. அப்போதுதான் ஒரு கடன் ஆப் கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். நேரடியாகக் கடன் தருகிற கம்பெனி அல்ல, நமக்கும் கடன் தருகிற நிறுவனத்துக்கும் நடுவில் நிற்கிற தரகு ஆப்.

அதில் வங்கிக் கணக்கை 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' வழியாக இணைக்கச் சொன்னார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டு, 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. ஸ்டேட்மெண்ட் எடுத்து சீல் வாங்கி அலைய வேண்டாம், நாம் சம்மதம் கொடுத்தால் நம் வங்கியே கணக்கு விவரத்தைக் கடன் தருகிற நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். நடுவில் இருக்கிற அக்ரிகேட்டரால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது, பூட்டின பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிற வேலைதான் அவர்களுக்கு. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டியதில்லை. இதெல்லாம் நானே தேடிப் படித்து, சரிதான் என்று உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதிதான் என்னைக் கவிழ்த்தது, ஏனென்றால் ரிசர்வ் வங்கி பேர் வந்ததும் அதற்கு அடுத்து வருகிற எல்லாவற்றையும் அதே கணக்கில் நம்பிவிட்டேன்.

ஆப்பிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். முதல் அழைப்பில் மேடம், இரண்டாவது அழைப்பில் அக்கா. "அக்கா, நீங்க லைனிலேயே இருங்க, நான் ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்றேன்" என்றான். சம்மதப் பக்கம் திறந்தது. தகவல் கேட்கிற இடத்தில் ஆப்பின் பெயர் இல்லை, வேறு ஏதோ நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. இதைக் கவனித்தேன், கேட்கவும் செய்தேன். "அது நம்ம பார்ட்னர்தான் அக்கா, கடன் அவங்கதான் தருவாங்க" என்றான். எவ்வளவு நாளைக்குச் சம்மதம் என்ற இடத்தில் இரண்டு வருடம், எத்தனை முறை எடுப்பார்கள் என்ற இடத்தில் தினமும் என்று போட்டிருந்தது. ஒரு தடவை பார்த்துக் கடன் கொடுப்பதற்குத் தினமும் எதற்கு என்று அந்த நிமிடம் தோன்றவே இல்லை. ஓடிபி போட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு ஓடிபி அக்கா, முடிஞ்சுது" என்றான். பக்கம் மாறியது. நிறம் மாறவில்லை, பேச்சு நிற்கவில்லை, அதே மூச்சில் அடுத்தது. அது இ-மேண்டேட். என் கணக்கிலிருந்து அவர்களே பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுக்கிற அனுமதி. அதிகபட்சம் 50,000 ரூபாய், அதுவும் மாதம் ஒரு முறை என்றில்லை, அவர்கள் கேட்கும்போதெல்லாம். "தவணைக்காகத்தான், கடன் கைக்கு வராம ஒத்த ரூபா போகாது" என்று சொன்னான். தகவலைக் காட்டுகிற சம்மதமும் பணத்தை எடுக்கிற சம்மதமும் எனக்கு ஒரே வேலையின் இரண்டு பாதி மாதிரி தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 37 நாள் 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருந்தது. கணக்கில் அந்த நாட்களில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் இருக்கவில்லை, யாரும் கை வைக்கவும் இல்லை. சனிக்கிழமை மதியம் பள்ளியிலிருந்து சீருடைப் பணம் 52,000 வந்தது. ஞாயிறு காலை 47,800 போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எப்படி எடுப்பார்கள் என்று நினைத்தேன், 2021 ஆகஸ்டிலிருந்து இந்த வகை டெபிட் விடுமுறை நாளிலும் நடக்குமாம். வங்கியில் கேட்க ஆள் இல்லாத நாள். என் கணக்கைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை, ஆனால் 37 நாள் சும்மா இருந்துவிட்டுப் பணம் வந்த மறுநாள் எடுத்தால் நான் வேறு என்ன நினைப்பது?

ஆப்பில் கேட்டால் 'நிதி விவர மேம்பாட்டுச் சேவை, ஆண்டுக் கட்டணம்' என்று பதில். அப்படி ஒரு சேவையை நான் கேட்கவே இல்லை. அந்தப் பையனின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நிதி நிறுவனத்தில் கேட்டால், "கட்டணம் ஆப்போட விஷயம், எங்களுக்கு உங்க கடன் விண்ணப்பம் மட்டும்தான் தெரியும்." அக்ரிகேட்டரில், "நாங்க தகவலைக் கொண்டு சேர்க்கிறவங்க மட்டும்தான்." இதுவாவது உண்மை. திங்கள் காலை வங்கிக்குப் போனேன், ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அங்கே இருந்த அதிகாரி, "ஓடிபி போட்டது நீங்கதானேம்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான்தான். எதற்குப் போட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இணைய மோசடிக்கான புகார் எண் 1930-க்கும் அடித்துப் பதிவு செய்தேன். மேண்டேட்டை ரத்து செய்யச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அக்ரிகேட்டர் ஆப்பில் சம்மதத்தை நீக்கினேன். அது இரண்டே தட்டில் முடிந்தது, ஆனால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும், இதுவரை எடுத்துக்கொண்டு போன என் கணக்கு விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

இதற்கப்புறம் தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. 2022-ல் டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நடுவில் நிற்கிற ஆப்புக்கான கட்டணத்தைக் கடன் தருகிற நிறுவனம்தான் தர வேண்டும், கடன் கேட்கிறவரிடம் ஆப் வாங்கக் கூடாது. அப்படியானால் அந்த 47,800 எந்தக் கணக்கில் சேரும்? ஆப் செய்கிற தப்புக்கும் அந்த நிறுவனமே பொறுப்பு. இதை எழுதித்தான் நேற்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சம்மதப் பக்கத்தில் 'தினமும்' என்று இருந்தால் மூடிவிடுங்கள். கேட்கிற நிறுவனத்தின் பெயர் வேறாக இருந்தால், அந்த நிறுவனத்தின் தளத்தில் போய் இந்த ஆப்பைத் தங்கள் ஆள் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்களா பாருங்கள், போட்டாக வேண்டும் என்று விதி. போனில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும்போது ஓடிபி போடாதீர்கள். கடன் கைக்கு வராமல் மேண்டேட் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பார்த்து நீக்குங்கள்.

30 நாளில் நிறுவனத்தின் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது அவர்களுடைய குறைதீர்ப்பாளரிடம் போகலாம், போவேன். ஆனால் சனிக்கிழமை நாலு பேருக்கும் கூலி கொடுக்க வேண்டும், 47,800-ல் அதுவும் இருந்தது. யாருக்காவது இப்படி மேண்டேட்டில் போன பணம் திரும்பி வந்திருந்தால், எந்த வழியில் கேட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.