வெள்ளித் தண்ணி மெஷின்: 14,800 ரூபாய் போச்சு, உயிர் போகல

கை இன்னும் மரத்துப் போய்த்தான் இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள எழுதிடறேன்.

அம்மாவுக்கு சுகர். கால் விரல்ல புண்ணு, ரெண்டு மாசமா ஆறல. சென்னை ரிச்சி தெருவை ஒட்டின ஒரு சந்துல, மாடியில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. வெள்ளித் துகள் தண்ணியை வீட்டுலயே தயாரிக்கிற மெஷின், குடிச்சா புண்ணு ஆறிடுமாம், 14,800 ரூபாய். பேட்டரியில ஓடுறது வேஸ்ட்டு, ஹை வோல்டேஜ்லதான் துகள் பொடிசா வரும்னார் கடைக்காரர்.

நான் விழுந்த இடம் இதுதான். லைட்டை அணைச்சுட்டு ஒரு கிளாஸ் தண்ணியில லேசர் அடிச்சார். உள்ள பளிச்சுன்னு சிவப்புக் கோடு. சாதா தண்ணியில அடிச்சார், கோடே இல்ல. "பாத்தியா தம்பி, இதான் வெள்ளி"ன்னு சொல்லி அந்தக் கிளாஸை அப்படியே குடிச்சார். "எங்கம்மாவுக்கும் சுகர்தான்"னார். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல. பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறும்னார், அதுக்கும் தலையாட்டிட்டு பில் இல்லாமலே 14,800-ஐ போன்லயே அனுப்பிட்டேன்.

இன்னைக்குக் காலையில தண்ணியில ஒரு சொட்டுப் பால் விட்டு லேசர் அடிச்சேன். அதே கோடு! எந்த நுண்துகள் மிதந்தாலும் வருமாம். டிண்டால் விளைவு, அக்கா பையனோட ஸ்கூல் பாடத்துலயே இருக்கு.

மெஷின் போட்ட அன்னைக்கே தண்ணி கருத்து அடியில வண்டல் நின்னுது. போன் பண்ணா "உங்க தண்ணி சரியில்ல". பேட்டரிக் கடையில வாங்கின டிஸ்டில்டு வாட்டர்ங்க அது! மறுநாள், "உங்க வீட்டு எர்த் சரியில்ல". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". பேசறதே அவர்தான், குரல் தெரியாதா எனக்கு? தண்ணியில முக்கறதுக்கு சுத்த வெள்ளின்னு கொடுத்த கம்பியை சௌகார்பேட்டையில டெஸ்ட் பண்ணேன். வெள்ளி 61 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் செம்பு. இதையா அம்மா ரெண்டு நாள் ஸ்பூன்ல குடிச்சாங்க!

நேத்து ராத்திரி கம்பியை நகர்த்தப் போய் ஷாக் அடிச்சுத் தூக்கி எறிஞ்சுது. கரன்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ஸ்விட்ச், ஆர்சிசிபி, விழவே இல்ல. எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டிக்கரை உரிச்சா, உள்ள இருந்தது பழைய நியான் போர்டு ட்ரான்ஸ்பார்மர். 10,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். ட்ரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் தனி சர்க்யூட், அங்க என்ன ஆனாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாதுன்னார். 30 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா போனாலே ஆள் செத்துடலாமாம். அம்மா தொட்டிருந்தா?

இன்னைக்கு நேர்ல போனேன். "பிரிச்சுட்டீங்க, வாரண்டி போச்சு"ன்னு அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிட்டார். 14,800 ரூபாய். அம்மாவோட நாலு மாச மாத்திரைக் காசு.

டாக்டர் கத்தினார். தீப்புண்ணுக்குப் போடற வெள்ளிக் களிம்பு வேற, குடிக்கிறது வேற. வெள்ளி உடம்புல சேந்தா தோல் நீலம் பூத்துடும், திரும்ப மாறாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லயே இது பாதுகாப்பும் இல்ல, பலனும் இல்லன்னு சொல்லிடுச்சாம்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. பில் இல்லாம வாங்காதீங்க. லேசர் கோட்டை நம்பாதீங்க. சுகர் புண்ணுக்கு டாக்டர்கிட்ட போங்க. ஏற்கெனவே வாங்கியிருந்தா மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க, திறந்து பாக்காதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. காலையில நான் கூப்பிடறேன், பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில இருக்கு.