கரோல் பர்னெட் ஷோ: வெட்டாத பிரதியைத் தேடிப் பாருங்கள்

1967 செப்டம்பர் முதல் 1978 மார்ச் வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 11 சீசன் ஓடிய இந்த அமெரிக்க நகைச்சுவை, பாட்டு, நடன நிகழ்ச்சியை முதல்முறை பார்க்கப்போகிறீர்களா? கையில் இருப்பது எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள். ‘கரோல் பர்னெட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று இருந்தால், அது மறுஒளிபரப்புக்காக அரை மணி நேரமாக வெட்டியது. பாட்டும் நடனமும் பெரும்பாலும் போய்விட்டன. மூச்சுவிட இடமில்லாமல் நகைச்சுவைக் காட்சிகள் மட்டும் அடுத்தடுத்து வரும். உரிமைச் சிக்கலால் முதல் 5 சீசன்கள் அதில் இல்லவும் இல்லை. அவற்றின் எபிசோடுகள் பல 2015இல்தான் ‘தி லாஸ்ட் எபிசோட்ஸ்’ என்ற டிவிடி தொகுப்பாக வந்தன.

முழு ஒரு மணி நேரப் பிரதியில்தான் இதன் நாடகமேடைத் தன்மை தெரியும். அரங்க விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, பார்வையாளர்களின் கேள்விகளுக்கு நிகழ்ச்சியின் நாயகி கரோல் அந்த இடத்திலேயே பதில் சொல்வார். எழுதிவைத்த பதில்கள் அல்ல. காட்சிகள் தொடங்குவதற்குள் கூட்டம் அவர் பக்கம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர் முன் இரண்டு முறை நடித்துப் பதிவு செய்வார்கள். நகைச்சுவை நடிகர் டிம் கான்வே முதல் முறை எழுதியபடியே நடித்துக் கொடுத்துவிடுவார். தேவையான காட்சிகள் கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் இரண்டாவது முறை இஷ்டத்துக்கு விளையாடுவார். எதிரில் நிற்கும் சக நடிகர் ஹார்வி கார்மனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. 1969இன் பல் டாக்டர் காட்சியில் கான்வே மரத்துப்போகும் ஊசியைத் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார், பிறகு காலில். அப்போது நாற்காலியில் இருக்கும் கார்மனைக் கவனியுங்கள்: சிரிப்பை அடக்க அவர் படும் பாடுதான் காட்சியின் பாதி.

எங்கே தொடங்குவது? 9, 10ஆவது சீசன்களில். கான்வே 1975இல்தான் நிரந்தரக் குழுவில் சேர்ந்தார். ‘கான் வித் த விண்ட்’ படம் 1976 நவம்பரில் முதல்முறையாக அமெரிக்க நெட்வொர்க் தொலைக்காட்சியில் வந்த சில நாட்களிலேயே இவர்களுடைய கேலி வடிவமும் வந்தது. படத்தில் நாயகி திரைச்சீலையைக் கிழித்து உடை தைத்துக்கொள்வாள். உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கி திரைச்சீலைக் கம்பியையும் கழற்றாமல் கரோலின் தோளில் ஏற்றிவிட்டார். மாடிப்படியில் அவர் தோன்றியதும் எழும் சிரிப்பு வசனத்தைப் பேசவிடவில்லை. அந்த உடை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் மேலானது, ஒரு குடும்பத்தின் சண்டைகளைக் காட்டும் ‘தி ஃபேமிலி’ என்ற தொடர் காட்சி. யூனிஸ் என்ற மகளாகக் கரோல், அம்மாவாக விக்கி லாரன்ஸ். நிஜத்தில் அம்மா மகளைவிட 16 வயது இளையவர்! சண்டையின் வலி உண்மையானது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையை அடைக்கும்.

இறுதிப் பாட்டு-நடனங்கள் சில இன்றைக்கு நீளம்தான். 11ஆவது சீசனில் தொடங்க வேண்டாம். கார்மன் போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்த டிக் வான் டைக் பெரிய கலைஞர், ஆனால் இந்தக் குழுவோடு ஒட்டவில்லை. சீசன் முடியும் முன்பே அவரும் விலகிவிட்டார்.