மண்டப வாசலில் நீட்டுகிற சாவிக்கொத்து

முன்பெல்லாம் கல்யாண மண்டப வாசலில் வாட்ச்மேன் டார்ச் லைட்டோடு நிற்பார். "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும்" என்று சொல்லிப் பின்கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவார். வண்டி நின்றுவிடும், சாவி நம் சட்டைப்பையிலேயே இருக்கும். இப்போது சென்னையின் பெரிய மண்டபங்களில் அந்தக் குரல் இல்லை. கார் நிற்பதற்குள் வேலட் எனப்படும் வண்டி நிறுத்தும் ஆட்கள் கதவைத் திறந்து, "கீ குடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். டொராண்டோவிலிருந்து லீவுக்கு வந்து, அண்ணன் காரையோ மாமா காரையோ ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. தெருத்தெருவாக இடம் தேட வேண்டாம், பட்டுப்புடவையோடு அரை கிலோமீட்டர் நடக்க வேண்டாம்.

அந்த நிம்மதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு, வடபழனி பக்கம் ஒரு வரவேற்பில் பார்த்த மேஜையே போதும்.

இரவு ஒன்பதே கால் மணி. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து கும்பலாக வெளியே வருகிற நேரம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, அதன்மேல் சாய்த்து வைத்த பிளைவுட் பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஐம்பது சாவியாவது தொங்கியிருக்கும். மேஜையில் ஆளே இல்லை. பையன்கள் அத்தனை பேரும் வண்டி எடுக்க ஓடியிருந்தார்கள். டோக்கன் என்று கொடுத்தது எண் மட்டும் எழுதிய வெள்ளைச் சீட்டு. யார் நடத்துகிறார்கள் என்று பெயரில்லை, போன் நம்பரும் இல்லை. ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, "வெள்ளை க்ரெட்டா, அப்பா கேட்டாங்க" என்றான். ஓடிவந்த வேலட் சீட்டைக் கேட்கவில்லை, வண்டி நம்பரையும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினார்.

பலகையில் தொங்கியவற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஒரு கொத்தில் கார் ரிமோட். அதோடு வாசற்கதவின் பித்தளைச் சாவி, கிரில் கேட்டின் பூட்டுச் சாவி, சிவப்பு நூல் கட்டிய பீரோ சாவி. தலையில் எண் பொறித்த வாசற்கதவுச் சாவி வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது. சாவியின் பல் வரிசை தெரிகிற ஒரு படம் இருந்தால், கை தேர்ந்தவர் அதைப் பார்த்தே இன்னொன்றை அறுத்துவிடலாம். சோப்புக் கட்டியில் அழுத்தி எடுப்பதற்கோ அரை நிமிடம் ஆகாது. அந்தக் கொத்து மூன்று மணி நேரம் அங்கே தொங்கியது.

கனடாவில் கார் சாவியைப் பற்றிய பயமே வேறு. 2024-இல் டொராண்டோ போலீஸ்காரர் ஒருவர், திருடன் சாவி தேடி வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தாக்காமல் இருக்க ரிமோட்டை வாசல் பக்கமே வைத்துவிடுங்கள் என்று சொன்னார். ஊரே கொதித்தது. அங்கே காருக்காக வீட்டுக்குள் வருகிறான். இங்கே நாமே காரோடு சேர்த்து வீட்டையும் நீட்டுகிறோம். வேலட்டிடம் கொடுக்கும்போது எல்லோரும் பம்பரில் கீறல் விழுமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். கீறலை டிங்கரிங்கில் சரிசெய்துவிடலாம். வீட்டுச் சாவி, வீட்டு முகவரி, வீட்டில் இந்த நேரம் ஆள் இல்லை என்கிற செய்தி, இவை மூன்றும் ஒரே ஆளின் கையில் சேர்வதுதான் உண்மையான ஆபத்து. மண்டப வாசல் அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. குடும்பம் முழுவதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பது வேலட்டுக்குத் தெரியும். மிச்சத்துக்கு டேஷ்போர்டைத் திறந்தால் போதும்.

டேஷ்போர்டில் என்ன இருக்கும்? ஒரிஜினல் ஆர்.சி. அதில் உரிமையாளர் பெயர், முகவரி. இன்சூரன்ஸ் நகலில் இவற்றோடு நாமினி பெயரும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வண்டியென்றால் டிக்கியில் பெயரோடு விமான நிறுவனத்தின் டேக் இன்னும் பிய்க்காத பெட்டி. திரையில் நேவிகேஷனைத் தொட்டால் 'ஹோம்' என்று வீட்டுக்கே வழி காட்டும். புளூடூத்தில் இறக்கிய போன் நம்பர்கள் சில மாடல்களில் போன் போன பிறகும் திறக்கும்.

இதில் ஆர்.சி.யை வண்டியில் வைக்கவே தேவையில்லை. 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் என்கிற அரசு ஆப்களில் ஒன்றில் காட்டினால் போதும். வண்டி அப்பா பெயரில் இருந்தால், சேஸிஸ் எண், இன்ஜின் எண் இவற்றின் கடைசி இலக்கங்களைப் போட்டு எம்-பரிவாஹனில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரிஜினல் வீட்டு பீரோவில் இருக்கட்டும். 'ஹோம்' என்கிற இடத்தில் வீட்டைப் போடாமல் தெருமுனைக் கோயிலையோ பஸ் ஸ்டாப்பையோ போட்டு வையுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு வழி தெரியாதவர் நம் குடும்பத்தில் யாருமில்லை.

சாவிக்கொத்தை இரண்டாகப் பிரிக்கும் வளையம் ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு பக்கம் கார் ரிமோட் மட்டும், மறுபக்கம் மற்றதெல்லாம். வாசலில் நின்று வளையத்தை நோண்டிக்கொண்டிருக்காமல், ஊரிலிருக்கும் முதல் நாளே இப்படி மாட்டிவிடுங்கள். புஷ் ஸ்டார்ட் ரிமோட்டின் உள்ளே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கத்திலுள்ள சின்னத் தாழை நகர்த்தி இழுத்தால் வெளியே வரும். டேஷ்போர்டுக்குப் பூட்டு உள்ள மாடல் என்றால் அதைப் பூட்டி, இரும்புச் சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு ரிமோட்டை மட்டும் கொடுக்கலாம். வண்டி ஓடும், டேஷ்போர்டு திறக்காது. நம் ஊரில் பல மாடல்களில் அந்தப் பூட்டே கிடையாது, ஆகவே நம்பி எதையும் வைக்க வேண்டாம். டிக்கி எப்படியும் பட்டனில் திறந்துவிடும்.

புஷ் ஸ்டார்ட்டில் இன்னொரு சங்கடம் அடிக்கடி நடக்கிறது. இன்ஜின் ஓடும்போது ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பீப் சத்தம் வரும், தவில் சத்தத்தில் யார் காதிலும் விழாது. இன்ஜின் நிற்காமல் ஓடுவதால் வேலட் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அணைத்த பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகாது, கதவும் ரிமோட்டில் பூட்டாது. இருட்டுத் தெருவில் திறந்த வண்டி நிற்கும். ஆகவே வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் கொடுத்த பிறகு நகருங்கள். பின்சீட்டில் குழந்தை தூங்கினால் முதலில் குழந்தையை இறக்கி, பிறகுதான் சாவி. ஒரே நிமிடம்தானே என்று மாற்றிச் செய்யவே கூடாது.

நகைப்பெட்டி, மொய்க் கவர் வைத்த பை, லேப்டாப், பாஸ்போர்ட் இவற்றை மண்டப வாசலில் டிக்கிக்கு மாற்றுவது மிகத் தவறான பழக்கம். எது எங்கே போகிறது என்று எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தெரு முன்னாலேயே நிறுத்தி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அந்த இரவு காரிலேயே இருக்கக் கூடாது. நகை மாட்டிக்கொண்ட பின் காலிப்பெட்டி சீட்டில் கிடப்பதும் வேண்டாம். காலி என்பது திறந்து பார்த்தால்தானே தெரியும்.

இறங்கியதும் போனில் முப்பது விநாடி வீடியோ. நான்கு மூலைகள், நம்பர் பிளேட், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர். ஓடிய தூரத்தைத் தனியாக எண்ணும் 'ட்ரிப் பி' மீட்டரைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்தால் திரும்பி வரும்போது ஒரு கிலோமீட்டருக்குள் காட்டும். பன்னிரண்டு காட்டினால் அங்கேயே, அப்போதே கேளுங்கள். ஹூண்டாய் புளூலிங்க், கியா கனெக்ட் உள்ள வண்டியில் வேலட் அலர்ட் இருக்கிறது. சொன்ன எல்லையைத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும். சில மாடல்களின் திரையிலேயே வேலட் மோட் போட்டு நம்பர் பூட்டு வைக்கலாம், முகவரியும் போன் நம்பரும் மறைந்துவிடும். இவை எதுவும் இல்லாத வண்டியில் ஃபாஸ்டேக் இருக்கும். சுங்கச்சாவடியைத் தாண்டினால் பணம் கழிந்த எஸ்.எம்.எஸ். வரும். அது பழைய இந்திய நம்பருக்குப் போய், அந்த சிம் டொராண்டோவில் மேஜை டிராயரில் கிடந்தால் பயனில்லை. ஊருக்கு வந்ததும் ஃபாஸ்டேக்கில் பதிந்த போன் நம்பரை வண்டியைப் பயன்படுத்துகிறவரின் நம்பராக மாற்றுங்கள்.

டோக்கனில் மூன்று விஷயம் பாருங்கள்: நடத்துகிறவரின் பெயர், போன் நம்பர், எழுதிய வண்டி நம்பர். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சும்மா முரண்டு பிடிப்பதாக அவர்கள் நினைத்தாலும் பரவாயில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி சாவி கைமாறிய கணமே வண்டியைக் காக்கும் பொறுப்பு வாங்கியவர் மேல் விழுகிறது. தாஜ் மகால் ஹோட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் இதைத் தெளிவாக்கியது. 1998-இல் டெல்லியில் வேலட்டிடம் கொடுத்த மாருதி ஜென். வேறொரு வாடிக்கையாளர் மேஜையிலிருந்து அதன் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டிப்போய்விட்டார். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சிட்டிருந்தது ஹோட்டலைக் காப்பாற்றவில்லை. தக்க கவனம் எடுத்தோம் என்று ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆளில்லாத மேஜையும் ஆணிப்பலகையும் அந்த வழக்கை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுகின்றன. மண்டபத்தில் சிக்கல் எங்கே என்றால், வேலட் மண்டபத்தின் ஆளா, கான்ட்ராக்டரா, கல்யாண வீட்டார் ஏற்பாடா என்று யாருக்கும் தெரியாது. பெயரில்லாத சீட்டை வைத்துக்கொண்டு யார்மேல் வழக்குப் போடுவது?

லைசென்ஸ் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 180-இன்படி உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் கூட விதிக்கலாம். யார்மேலாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்பக் கேட்கவும் வழியிருக்கிறது. கார் அண்ணன் பெயரில் என்றால் மாட்டிக்கொள்வது அண்ணன். "தம்பி, லைசென்ஸ் காட்டுங்க, வீட்டுல கேப்பாங்க" என்று தன்மையாகக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

சில வேலட்கள் பேச்சுக் கொடுப்பார்கள். "ஃபாரின்ங்களா சார், எங்க தங்கியிருக்கீங்க, எப்ப திரும்பறீங்க?" பெரும்பாலும் வெறும் அன்புதான், ஊர் வந்த சந்தோஷத்தில் நமக்கும் பேச ஆசையாக இருக்கும். பக்கத்திலதாம்பா என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

திரும்ப வாங்கும்போது வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை டோக்கனைக் கொடுக்காதீர்கள், அதன் படத்தை முதலிலேயே வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். வெளிச்சமுள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தனியாக வந்த பெண்கள் ஏறும் முன் பின்சீட்டையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். திருப்பிக் கொடுத்த ரிமோட் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். ஒரே மாதிரி வெள்ளை வண்டிகள் நிறைய.

ஆக்டிங் டிரைவருக்கும் வாட்டர் வாஷுக்கும் இதே கணக்குதான். ஒன்று மட்டும் கூடுதல்: டியூட்டி முடிந்ததும் சாவி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். காலையில் சீக்கிரம் எடுக்கணும் என்று ராத்திரி அவரிடமே விட்டு வைக்கக் கூடாது.

சாவி காணாமல் போனால் அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது வாங்குங்கள். மண்டபமோ கான்ட்ராக்டரோ கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. டீலரிடம் மிச்சமுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோனால், தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாவியால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் அதன் இரும்பு முனை கதவைத் திறக்கும், பூட்டையும் மாற்றினால்தான் முழுப் பாதுகாப்பு. வீட்டுச் சாவியும் சேர்ந்து போயிருந்தால் காரை விடுங்கள், முதலில் வாசற்கதவுப் பூட்டை மாற்றுங்கள், அன்று இரவே.

வண்டியை ஊரில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஞாபகமாக ஒரு சாவியை டொராண்டோவுக்கு எடுத்துப் போகிறார்கள். கார் திருடுபோய் கிளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளையும்தான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் அதை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள்.