டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க்: வாடகைக்கு மேல் ஆகும் செலவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜோகனஸ்பர்க்கிலிருந்து அழைப்பு வருவது சகஜம். பெரிய கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் இங்கேதான். நான் குடும்பத்தோடு மாறி வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் டர்பனில் கணக்குப் பிரிவில் இருக்கும் திருச்சிக்காரத் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, சம்பளம் கால் பங்கு அதிகமாத் தர்றாங்க. அங்க வாடகை எவ்வளவு?" என்றார். "வாடகையை விடுங்க தம்பி, அதுல பெரிய வித்தியாசம் இல்ல. மத்ததைக் கேளுங்க" என்றேன்.

டர்பனின் ரெசர்வாயர் ஹில்ஸில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுத்த வாடகையோடு கொஞ்சம் சேர்த்தால் ஜோகனஸ்பர்க்கின் ராண்ட்பர்க்கில் காவல் போட்ட குடியிருப்பில் அதே அளவு வீடு கிடைத்துவிட்டது. பணம் கரைவது தூரத்தில். டர்பனில் அலுவலகம், கோயில், காய்கறிச் சந்தை, உறவுக்காரர் வீடு எல்லாம் அரைமணி நேரத்துக்குள் அடங்கும். இங்கே எனக்கு வேலை சாண்ட்டனில், மனைவிக்குக் கெம்ப்டன் பார்க்கில். மளிகை வாங்க ஃபோர்ட்ஸ்பர்க், முருகனைப் பார்க்க மெல்ரோஸ், சொந்தக்காரர்களைப் பார்க்க லெனேசியா. ஒவ்வொன்றும் ஒரு திசை. 2010-இல் ஓடத் தொடங்கிய காவ்ட்ரெய்ன் நல்ல ரயில்தான். ஆனால் வீடும் வேலையும் அந்தப் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான் அது உதவும். எங்களுக்கு இரண்டு கார் இல்லாமல் முடியவில்லை.

பெட்ரோலும் இங்கே விலை கூடுதல். அரசாங்கம் மாதாமாதம் நிர்ணயிக்கும் விலையிலேயே கடற்கரைக்கு ஒன்று, உள்நாட்டுக்கு ஒன்று. கடலோரத்திலிருந்து குழாய் வழியே மேலே கொண்டு வரும் செலவையும் நம் தலையில்தான் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு எழுபது, எண்பது சென்ட் என்றால் சின்னதாகத் தெரியும். இரண்டு காருக்கும் மாதம் முழுக்கப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது குளிர். இதை யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. டர்பனில் ஜூலை மாதத்து மத்தியானம் அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம். இங்கே அதே ஜூலையில் இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். வீடுகளோ வெயில் ஊருக்குக் கட்டியது மாதிரி இருக்கின்றன: டைல்ஸ் தரை, இடுக்குள்ள ஜன்னல், சூடாக்க எந்த வசதியும் கிடையாது. கேஸ் ஹீட்டர், மின் போர்வை, கனமான திரைச்சீலை என்று முதல் குளிர்காலத்திலேயே ஒரு மாத வாடகைக்குப் பக்கமாகச் செலவானது. கீசரும் கூடுதல் மின்சாரம் இழுக்கும். 2024 ஜூலையில் நகராட்சி மின்சாரத்தை ப்ரீபெய்டில் வாங்கும் வீடுகளுக்கு வரியோடு மாதம் 230 ராண்டு நிரந்தரக் கட்டணமும் வந்தது.

சமையலறையில்தான் ஊர் மாறியது நன்றாகத் தெரிந்தது. ஜோகனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் பழக்கத்தை மனைவி வந்த வாரமே விட்டார். இப்போது எல்லாவற்றுக்கும் குக்கர்தான், அதிலும் ஒரு விசில் அதிகம். இட்லி மாவு இன்னொரு பாடு. டர்பனில் பிப்ரவரி மாதம் ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரம் வழியும். இங்கே ஜூன், ஜூலையில் மறுநாள் சாயங்காலம் வரை அசையாது. மின் அடுப்பின் (oven) உள் விளக்கை எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால்தான் பொங்குகிறது. கறிவேப்பிலையும் உறைபனியைத் தாங்காது. டர்பனில் வேலியோரம் மரமாக நின்று ஓசியில் கிடைத்தது. இங்கே தொட்டியில் வைத்து மே மாதமே வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுகிறோம்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே நிலைமைதான். நாடு முழுக்க 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, 2024 மார்ச்சிலிருந்து நன்றாகக் குறைந்தது. இன்வெர்ட்டர் எங்கே இருந்தாலும் வேண்டும். தண்ணீர்தான் இங்கே கவலை. அண்டை நாடான லெசோத்தோவின் மலைகளிலிருந்து சுரங்க வழியாக வால் (Vaal) ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றும் தண்ணீர் இது. அழுத்தம் குறைந்தால் மேட்டுப் பகுதிக் குழாய்கள்தான் முதலில் வறளும். வீடு பார்க்கப் போகும்போது ஜோஜோ தொட்டி (தண்ணீர் சேமிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி) இருக்கிறதா, வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று பார்ப்பது கிரானைட் மேடையைப் பார்ப்பதைவிட முக்கியம்.

டர்பனைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. டர்பனை ஒட்டிய டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி இருந்தார்கள். கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகளையும் மூடி வைத்தார்கள். ஈரக்காற்றில் புத்தகம் பூசணம் பிடிக்கும், காரில் துரு ஏறும். ஆனால் அங்கே மனிதர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனால் வெந்தயக்கீரைக் கட்டும் மண் உதிராத மடும்பிக் கிழங்கும் (சேப்பங்கிழங்கு வகை) வாங்கிக்கொண்டு, விற்கிற ஆயாவிடம் குடும்ப நலமும் விசாரித்துவிட்டு வரலாம். அங்கே தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் மிச்சம். ஆனாலும் ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீட்டில் தூக்குச்சட்டி நிரம்பாமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். என் அம்மா வந்து எங்களோடு இருந்தபோது டர்பனில் ஒரு நாளும் தனிமை என்று சொன்னதில்லை. ராண்ட்பர்க்கில் பகல் முழுக்க மதில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், கூடுதலாக வந்த சம்பளத்தில் பாதிக்கு மேல் பெட்ரோல், காவல், குளிர், தண்ணீர் ஆகியவற்றுக்கே போகிறது. அதனால் கால் பங்கு போதாது, மூன்றில் ஒரு பங்காவது கூட வேண்டும் என்பது என் கருத்து. வயதானவர்கள் கூட இருந்தால் அந்தச் சம்பளத்துக்கும் யோசிக்க வேண்டும். இளம் தம்பதி, இருவருக்கும் வேலை, மேலே ஏற வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதென்றால் தாராளமாக வரலாம். மனைவிக்கு டர்பனில் கிடைக்காத பதவி இங்கே கிடைத்தது. அந்த ஒன்றுக்காகவே இங்கே இருக்கிறோம், வருத்தம் இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். ஜோகனஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் முந்தைய வருடத்தின் நடுவிலேயே. வீடு பள்ளிக்கு அருகில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. நவம்பரில் வந்து இறங்கினால், எங்கே காலி இருக்கிறதோ அங்கேதான் இடம். மற்ற வகுப்புகளுக்கு நேரே பள்ளியில் கேட்க வேண்டும். முகவரிச் சான்று கேட்பார்கள், வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.